கிராமுக்கு முப்பத்தேழு சென்ட்

உப்பு மீட்டர் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பது காட்டியது. ஆத்மநாதன் தம்ளர் தண்ணீரைத் தரையில் கொட்டாமல் பக்கத்து வாளியில் ஊற்றினார். உப்பைப் பிரிக்கும் பெட்டியின் குழாயைத் திறந்து மறுபடி பிடித்தார். பேனா அளவே இருந்த மீட்டரைக் கைலி முனையில் துடைத்து முக்கினார். அதே எண்.

“என்ன சொல்லுது?” கிரைண்டருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள் அவர் மனைவி பிரகதீஸ்வரி.

“சொல்லுது.”

“சொல்றது தெரியிது. என்ன சொல்லுது?”

“ஏறியிருக்கு.”

“எவ்வளவு?”

அவர் நோட்டில் எழுதினார். தேதி, நேரம், வெளியே வரும் தண்ணீரின் உப்பு. மூன்று கட்டங்கள். முதல் பக்கத்தில் நானூற்றைம்பது, நானூற்றறுபது என்று இருந்தது. இரண்டாம் பக்கத்தில் எண்ணூறைத் தாண்டியது. மூன்றாம் பக்கத்தில் ஆயிரம் கடந்தது. ஐந்து வாரத்தில் ஒரு நாளும் விடவில்லை. கையெழுத்து மட்டும் எல்லாப் பக்கத்திலும் ஒரே மாதிரி இருந்தது.

“கல்லு மாதிரி நிக்காதீங்க. உளுந்து ஊறப்போடணும். இந்தத் தண்ணியா, கேன் தண்ணியா?”

“கேன்.”

அவள் உளுந்துப் படியைத் தரையில் டொக்கென்று வைத்தாள்.

வீடு கட்டுமாவடிக்கு மேற்கே, சாலையிலிருந்து இறங்கித் தென்னைகளுக்குள் இருந்தது. அங்கிருந்து பார்த்தால் கடல் தெரியாது. காற்றில் தெரியும். கொல்லையில் பன்னிரண்டு உறை இறக்கிய கிணறு. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். வாயில் வைத்தால் கரிக்கும். குளிக்கலாம், துவைக்கலாம். பருப்பு வேகாது.

பிரகதீஸ்வரி இட்லி மாவு போடுகிறவள். மீன் ஏலத்துக்கு வருகிறவர்கள் விடிகாலையில் சாப்பிடும் ஆறு கடைகளுக்கு அவள் மாவுதான். கிணற்றுத் தண்ணீரில் அரைத்தால் மாவு பொங்காது. பொங்கினாலும் இட்லி நாக்கில் கடுக்கும். அதனால் பத்து வருடமாகக் கேன் தண்ணீர். நாகராசு குட்டியானை வண்டியில் கொண்டுவந்து இறக்குவான். அவன் வராத நாளில் மாவு கிடையாது. அவன் நேரம்தான் அவள் நேரம்.

பெட்டி வந்த பிறகு மூன்று வாரம் அவள் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. கூடுதலாக இரண்டு கடைகளை ஒப்புக்கொண்டாள். நான்காம் வாரம் மாவு அடங்கியே கிடந்தது. ஐந்தாம் வாரம் கேனுக்குத் திரும்பினாள்.

பெட்டியைக் கொண்டுவந்து வைத்தவள் அருணா. புதுக்கோட்டையில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறவள். ஊர் ஆலங்குடிப் பக்கம். அப்பா முந்திரிக்கொட்டை உடைக்கும் கொட்டகை வைத்திருக்கிறார். உடைத்துப் போட்ட தோட்டை அடுப்பெரிக்கக் கொடுப்பார்கள். இவள் அதைக் காற்றுப் புகாமல் சுட்டுக் கரியாக்கி, பொடித்து, தகடாக்கி, அந்தத் தகட்டின் மேல் மாங்கனீசு ஆக்சைடை ஊசி ஊசியாக வளர்த்திருந்தாள். மூன்று வருட வேலை. லேபில் நன்றாக வந்துவிட்டது. வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். நடுவயதில், ஒழுங்காக அளந்து எழுதுகிற ஆளாக ஒருவர் வேண்டும் என்று ஊராட்சியில் கேட்டபோது ஆத்மநாதன் பெயரைச் சொன்னார்கள்.

வேறு யாரைச் சொல்வார்கள்? குவைத்தில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் பதினேழு வருடம் பைப் பிட்டராக இருந்தவர். திரும்பி வந்து இரண்டு வருடமாகிறது. தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சுவார். சாயங்காலம் கடைத்தெருவில் நின்று பேசுவார். பேச்சில் ஆலை இல்லாமல் இருக்காது. ஊரில் அவர் பெயர் பிளாண்ட்.

பெட்டியைப் பார்த்த அன்று சிரித்துவிட்டார். டிரங்குப் பெட்டி அளவுதான் இருந்தது.

“எங்க பிளாண்டுல ஒரு குழாய்க்குள்ள ஆள் குனியாம நடக்கலாம்மா. இது என்ன, இட்லிக் கொப்பரையாட்டம்?”

“அங்க பம்புல அழுத்தித் தண்ணியத் தள்ளுவீங்க. இதுல அழுத்தம் வேணாம்ணே.” அருணா ஒரு கரித்தகட்டை உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். கருப்பட்டிச் சில்லு மாதிரி கறுப்பாக, வழுவழுப்பில்லாமல் இருந்தது. “உப்பு தண்ணியில ரெண்டாப் பிரிஞ்சுதான் கெடக்கு. ரெண்டு தகட்டுக்கும் கரண்ட் குடுத்தா ஒண்ணு அங்கிட்டு ஓடும், ஒண்ணு இங்கிட்டு ஓடும். ஓடிப் போய்க் கரிக்குள்ள இருக்குற பொத்தல்ல ஒட்டிக்கும். தண்ணி மட்டும் வெளிய வரும்.”

“பொத்தல் எங்க இருக்கு?”

“கண்ணுக்குத் தெரியாது. ஒரு தலைமுடியை நெடுக்க எண்பதாயிரமாக் கீறினா அதுல ஒண்ணு எவ்வளவு இருக்கும், அந்தக் கணக்கு. இந்தக் கரியில ஒரே ஒரு கிராம் எடுத்து, உள்ள இருக்குற பொத்தலையெல்லாம் விரிச்சுப் போட்டா முப்பத்தேழு சென்ட் நெலம் வரும்.”

“பட்டா யாரு பேர்ல?” என்றாள் பிரகதீஸ்வரி.

அருணா சிரித்ததில் தகடு நழுவப் பார்த்தது.

“சரிம்மா, பொத்தல் நெறஞ்சுபோனா?” என்றார் ஆத்மநாதன்.

“கரண்டை நிறுத்தி ரெண்டு தகட்டையும் இணைச்சுவிட்டா புடிச்ச உப்பு அத்தனையும் விட்டுரும். அந்தத் தண்ணி வேற குழாயில போயிரும். நாப்பது நிமிசம் புடிக்கும், இருவது நிமிசம் விடும். விடுறப்ப, குடுத்த கரண்டுல பாதிக்கு மேல திரும்ப வந்துரும். இது ஒரு வகையில பேட்டரியும்தான்ணே.”

“பாத்துக்கங்க,” என்றாள் பிரகதீஸ்வரி கணவனிடம். “கரி வாங்குனதத் திருப்பிக் குடுக்குது. ஒங்க தங்கச்சி சித்திரையில வாங்கிட்டுப் போன இட்லிச் சட்டியை இன்னுங் காணோம்.”

மூன்று நாளில் ஆத்மநாதனின் சிரிப்பு அடங்கிவிட்டது. பெட்டியைத் துடைக்க ஒரு துணி வைத்துக்கொண்டார். அதற்கு மேல் ஒரு தகரக் கூரை போட்டார். காலை ஆறு மணிக்கு மீட்டரோடு அதன் முன்னால் உட்காருவார். அந்த நேரத்தில் யாராவது பேச்சுக் கொடுத்தால் கையைக் காட்டி நிறுத்துவார். கடைத்தெருவில் அவர் பேச்சில் குவைத்து குறைந்தது.

இப்போது நாளை காலை அருணாவின் பேராசிரியர் கவியரசன் வருகிறார். எழுநூறுக்கு மேல் போனால் அந்தத் தண்ணீரைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். நேற்று அருணா போனில் சொன்னாள்.

“கரி செத்துப்போச்சுன்னு சார் நெனைக்கிறார்ணே. ஊசி கரைஞ்சிருக்கும், பொத்தல் அடைஞ்சிருக்கும்ங்கிறார். அப்படின்னா பெட்டியக் கழட்டிட்டு வந்துருவோம்.”

“நீ என்னம்மா நெனைக்கிற?”

“எனக்குத் தெரியலண்ணே. லேப்ல ஆயிரம் தடவை ஓட்டுனேன். ஒண்ணும் ஆகல. செத்துருந்தா முதல்ல இருந்து வேற பொருள் தேடணும். மூணு வருசம் போச்சுன்னு வச்சுக்கங்க.”

குட்டியானை கொல்லைப்பக்கம் வந்து நின்றது. நாகராசு இரண்டு தோளிலும் கேனோடு இறங்கினான். ஆத்மநாதனுக்கு மச்சினன் முறை.

“என்ன மாமா, கரி என்ன சொல்லுது?”

“கேனை வச்சுட்டுப் போடா.”

“வைக்கத்தானே வந்தேன். மூணு வாரமா எங்க அக்கா என்னைய ஏறெடுத்துப் பாக்கல. இப்ப காலங்காத்தால போன் போட்டுத் தம்பிங்குது.” கேன்களை வரிசையாக வைத்தான். “கரியக் குத்தஞ் சொல்லாதீங்க. அதுக்கு என்ன தெரியும்? பல்லு வெளக்கத்தான் தெரியும்.”

“போடா அங்கிட்டு,” என்றாள் பிரகதீஸ்வரி. கேனைத் தட்டிப் பார்த்து வாங்கிக்கொண்டாள்.

அவன் போன பிறகு அவள் துணி துவைக்கக் கிணற்றடிக்குப் போனாள். பங்குனி வெயில் ஒன்பது மணிக்கே மணலைச் சுட வைத்திருந்தது. ஆத்மநாதன் பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து, ஒயர்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் இறுக்கமாக இருந்தது.

“இங்க பாருங்க,” என்று கூப்பிட்டாள். “இந்தச் சோப்பை மாத்துங்க. பத்து நாளா நுரைக்க மாட்டேங்குது.”

“பாக்குறேன்.”

“ஒங்க சட்டை முதுகெல்லாம் வெள்ளை வெள்ளையாப் பூத்துக் கெடக்கு.”

“வேர்வை உப்புடி. வெயில்ல நின்னா பூக்காதா?”

“நேத்துத் தொவைச்சுக் காயப்போட்ட சட்டைங்க. நீங்க இன்னும் போடவேயில்ல.”

ஆத்மநாதன் ஒயரை விட்டார். எழுந்து வந்து சட்டையை வாங்கிப் பார்த்தார். விரலால் சுரண்டி நாக்கில் வைத்தார். மீட்டரை எடுத்து வந்து அவள் முன்னால் இருந்த வாளியில் முக்கினார்.

மூவாயிரத்து அறுநூற்று நாற்பது.

பெட்டி வந்த அன்று அருணா இதே கிணற்றை அளந்தாள். இரண்டாயிரத்து நூறு. பத்து வருடமாக ஊராட்சி அளந்ததும் அதுதான், ஐம்பது கூட, ஐம்பது குறைய. அதற்குப் பிறகு கிணற்றை யாரும் அளக்கவில்லை. நோட்டில் அதற்குக் கட்டமும் இல்லை.

“எங்க போறீங்க?”

அவர் வேலியைத் தாண்டித் திலகவதி வீட்டுக் கொல்லைக்குப் போனார். நாற்பது தப்படிதான். அவள் கிணற்றடியில் நெத்திலி அலசிக்கொண்டிருந்தாள்.

“ஒரு வாளி எறைச்சுக்கவா?”

“எறைங்கண்ணே. என்னது அது, எங்க கிணத்துக்கு ஊசி போடப் போறீங்களா?”

“சும்மா ஒரு டெஸ்ட்டு.”

“சுகர் இருக்கான்னு பாருங்க. உப்பு இருக்குறது எங்களுக்கே தெரியும்.”

இரண்டாயிரத்து எண்பது. அவர் இரண்டு தடவை பார்த்தார். வாளியை அவள் அண்டாவில் ஊற்றிவிட்டு வேலியைத் தாண்டி வந்து தன் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கிணற்றுக்குள் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பெட்டி உப்பை விட்டுக்கொண்டிருந்தது. சுவரின் உட்பக்கம், மூன்றாவது உறைக்கு மேலே, அரை அங்குலச் சாம்பல் நிறக் குழாய் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. அதன் வாயிலிருந்து மெல்லிய கோடாக விழுந்தது. ஐந்து வாரமாக அவர் ரசித்துக் கேட்ட சத்தம்.

அருணா பெட்டியின் கழிவுக் குழாய்க்குக் கீழே ஒரு டிரம்மைத்தான் வைத்துவிட்டுப் போனாள். நிறைந்ததும் வடக்கே உப்போடையில் ஊற்றிவிடச் சொன்னாள். கடல் ஏறி வந்து நிற்கும் ஓடை அது. அங்கே எவ்வளவு உப்பு ஊற்றினாலும் ஒன்றுதான். ஆனால் டிரம் சுமப்பது பிட்டர் செய்கிற வேலையா? ஆலையில் பதினேழு வருடமும் ஆத்மநாதன் பார்த்தது கழிவு லைன்தான். கடலிலிருந்து எடுத்து, உப்பைப் பிரித்து, உப்பை மறுபடி கடலுக்கே கொண்டுபோய் விடுகிற லைன். எடுத்த இடத்துக்கே திருப்பிக் கொடுக்க வேண்டும். அதுதான் அவர் படித்த ஒரே பாடம். அதில் அவர் கெட்டிக்காரர். வளைவுக்கு இரண்டு எல்போ, பிடிக்க நாலு கிளாம்ப், மணலுக்கடியில் முக்கால் அடி ஆழம். ஒரு சொட்டு கசியாமல் போட்டிருந்தார். அடுத்த தடவை வந்த அருணா டிரம் எங்கே என்று கேட்டதற்கு, “லைனே போட்டாச்சும்மா” என்று மட்டும் சொன்னார். ஓடைக்கு என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

கடலுக்கு வலிக்காது. இது பன்னிரண்டு உறைக் கிணறு. மார்பளவு தண்ணீர். நல்ல தண்ணீரை மட்டும் தினமும் வெளியே எடுத்து, உப்பு முழுவதையும் அதிலேயே வைத்திருக்கிறார். கோடையில் ஊற்றும் மெதுவாகத்தான் வரும். கரி நேற்று துப்பியதை இன்று அதற்கே ஊட்டியிருக்கிறார். ஐந்து வாரம்.

மத்தியானம் சாளைக் குழம்பு. தட்டில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. அவர் எல்லாவற்றையும் சொன்னார். பிரகதீஸ்வரி சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் சிரிக்கவில்லை.

“சாப்புடுங்க.”

“எப்படிச் சொல்றதுன்னு பாக்குறேன்.”

“எதுக்குச் சொல்லணும்?” மீனை எடுத்து அவர் தட்டில் வைத்தாள். “சாயங்காலம் குழாயைப் புடுங்கிருங்க. நாளைக்கு அவுங்க வருவாங்க, பாப்பாங்க, கழட்டிட்டுப் போவாங்க. நான் கேன்ல அரைச்சுக்கிறேன். பத்து வருசம் அரைக்கலையா?”

“அந்தப் புள்ள?”

“அது மேல யாரும் பழி போடப் போறதில்ல. கரி மேல போடுவாங்க.”

“கரியும் அந்தப் புள்ளையும் வேறயா?”

அவள் மோரை ஊற்றினாள். பிறகு சொன்னாள்.

“ஊருக்குள்ள நீங்க ஒண்ணு சொன்னா தண்ணி விசயத்துல மறுபேச்சு பேச மாட்டாங்க. மோட்டார் ரிப்பேருன்னாலும் ஒங்களத்தான் கூப்புடுறாங்க. அது ஒண்ணுதான் அங்கயிருந்து கொண்டாந்தீங்க. அதையும் குடுத்துட்டு நிக்கப் போறீங்களா?”

“நீதான் தெனம் கேலி பண்ணுவ.”

“நான் பண்ணுவேன். ஊரு பண்ணக் கூடாது.”

அவர் மீனை முள் நீக்கிச் சாப்பிட்டார். குழாயை அன்று சாயங்காலம் பிடுங்கவில்லை.

மறுநாள் பத்து மணிக்குக் கார் வந்தது. கவியரசன் ஐம்பதைத் தாண்டியவர். பேச்சில் அவசரம் கிடையாது. செருப்பைக் கழற்றிவிட்டு, கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, பெட்டியின் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தார். அருணா நின்றாள். இரவு சரியாகத் தூங்காத முகம்.

நோட்டை ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார்.

“ரொம்ப ஒழுங்கா எழுதியிருக்கீங்க.”

“ஆமாங்க சார்,” என்றார் ஆத்மநாதன்.

பெட்டியைத் திறந்து முதல் இரண்டு தகடுகளை உருவினார். வெளிச்சத்தில் திருப்பினார்.

“ஓரத்துல லேசா வெளிறுன மாதிரி இருக்கு பாருங்க, அருணா.”

“அது ஒட்டுன உப்பு சார். கழுவுனாப் போயிரும். கரையிற அளவுக்கு நம்ம வோல்டேஜே குடுக்கல.”

“அப்ப ஏன் ஆயிரத்துத் தொள்ளாயிரம்?”

அவள் ஒரு தகட்டை வாங்கி ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

“லேப்ல நின்னு வீட்டுல தோத்த பொருள் நெறைய இருக்கும்மா. இதுல வெக்கம் ஒண்ணுமில்ல. தோத்ததையும் எழுதணும். எழுதிட்டுக் கழட்டிருவோம்.”

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

அதே நேரத்தில் குட்டியானை கொல்லைக்குள் திரும்பியது. நாகராசு இறங்கிக் கேன்களை உருட்டத் தொடங்கினான். இவன் காதில் விழுந்தது பன்னிரண்டு மணிக்குள் மீன் ஏலத்துக்குப் போய்விடும். சாயங்காலம் பக்கத்து ஊர் மணமேல்குடியில் இருக்கும். ஆத்மநாதன் அவனைப் பார்த்தார். அவன் போகட்டும் என்று நினைத்தார். இன்னும் எட்டு கேன் இருந்தது. கவியரசன் பேனா மூடியைக் கழற்றினார்.

“சார், எழுதாதீங்க.”

கவியரசன் நிமிர்ந்தார்.

“கரி மேல தப்பில்ல. உப்புத் தண்ணி போற லைன் எங்க போகுதுன்னு கேளுங்க.”

“ஓடைக்குத்தானேண்ணே?” என்றாள் அருணா.

ஆத்மநாதன் காலால் மணலை விலக்கினார். குனிந்து குழாயைப் பிடித்து இழுத்தார். மணல் வெடித்துக்கொண்டே போய்க் கிணற்றுச் சுவரில் நின்றது.

“கிணத்துக்கு. நான் போட்டது. கிணத்துல நேத்து மூவாயிரத்து அறுநூத்தி நாப்பது இருந்துச்சு.”

பிரகதீஸ்வரி அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்றாள். முதலில் சிரித்தது நாகராசு. கேனைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான்.

“அடப் பாவி மாமா! எறைச்ச உப்பை அங்கிட்டே ஊத்தி, மறுபடி அதையே எறைச்சீங்களா? பதினேழு வருசமா குவைத்துல இதத்தான் பண்ணுனீங்களா?”

“ஆமாடா,” என்றார் ஆத்மநாதன். “அங்க கடல் இருந்துச்சு.”

நாகராசு கீழே வைத்த கேனை மறுபடி தூக்கிக்கொண்டான்.

அருணா மீட்டரைப் பிடுங்காத குறையாக வாங்கிக் கிணற்றுக்கு ஓடினாள். வாளியை இறக்கி அளந்தாள். அப்படியே மணலில் உட்கார்ந்து நோட்டின் பின் அட்டையில் கணக்குப் போட்டாள். போட்டதை அடித்துவிட்டு இன்னொரு தடவை போட்டாள்.

“சார், கழிச்சுப் பாருங்க. முதல் நாள் உள்ள போனது ரெண்டாயிரத்து நூறு, வெளிய வந்தது நானூத்தம்பது. கரி புடிச்சது ஆயிரத்து அறுநூத்தம்பது.”

“சரி.”

“நேத்து உள்ள மூவாயிரத்து அறுநூத்தி நாப்பது. வெளிய ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பது. புடிச்சது ஆயிரத்து எழுநூத்திப் பத்து.” அவள் குரல் மேலே போனது. “கொறையல சார். கூடத்தான் புடிச்சிருக்கு. நானூறு தடவைக்கு மேல புடிச்சு விட்ட பெறகும்.”

கவியரசன் நோட்டை வாங்கித் தானே கழித்துப் பார்த்தார். பிறகு உருவிய தகடுகளை எடுத்து, துணியால் துடைத்து, பெட்டிக்குள் அவையவை இருந்த இடத்தில் சொருகினார்.

“இவ்வளவு உப்புல ஓட்டிப் பாக்கணும்னா எனக்குத் தைரியம் வந்திருக்காது,” என்றார். “கிணத்துக்கு ஏன் ஒரு கட்டம் போடல?”

“நான்தான் சார் விட்டுட்டேன். பத்து வருசமா மாறாத கிணறுன்னு இருந்துட்டேன்.”

“நானும் பாத்துக் கையெழுத்துப் போட்டேன். சரி. ஆனா ஐயா, நடந்தது நோட்டுல ஏறணும். அறிக்கையில போகும்.” பேனாவை ஆத்மநாதனிடம் நீட்டினார். “நீங்களே எழுதுங்க.”

ஆலையிலும் இப்படி ஒரு நோட்டு உண்டு. பழுது, நேரம், காரணம். காரணம் என்ற கட்டத்தில் எப்போதும் ஒரே வரிதான் இருக்கும்: ஆய்வில் உள்ளது. பதினேழு வருடத்தில் ஒரு ஆளின் பெயரை அந்தக் கட்டத்தில் அவர் கண்டதில்லை. முழங்காலில் நோட்டை வைத்துக்கொண்டார். நிதானமாக எழுதினார்.

“பிரித்த உப்பைக் கிணற்றுக்கே விட்டதால் கிணறு உப்பேறியது. கரித்தகட்டில் பழுது இல்லை. குழாய் போட்டவர்: ஆ. ஆத்மநாதன், ஆபரேட்டர்.”

கவியரசன் வாசித்தார்.

“ஆபரேட்டர்னு யாரு போட்டது?”

“நானாத்தான் சார் போட்டுக்கிட்டேன்.”

“இருக்கட்டும்,” என்று அதன் கீழே கையெழுத்துப் போட்டார்.

கிணற்றை இறைக்க வேண்டும் என்றாள் அருணா. இருக்கிற தண்ணீர் முழுவதையும் ஓடைக்குத் தள்ளி, ஊற்று புதிதாக வரவேண்டும். ஒரு தடவை போதாது. மண்ணில் ஊறிய உப்பும் இறங்க வேண்டும்.

“ஓடைக்கு லைன் இழுக்கணும்னா இன்னும் அறுபதடி வேணும்,” என்றார் ஆத்மநாதன்.

“சென்டர்ல பைப்புக் கடையில நான் எடுத்துட்டு வாரேன்,” என்றான் நாகராசு. எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். “என்ன பாக்குறீங்க? இவுங்க கிணறு நல்லாயிட்டா என் பொழப்புல எட்டுக் கேன் போச்சு. தெரியிது. இருந்தாலும் இந்தக் கதைய ஊருல சொல்லணும்னா, நான் கூட நின்னதாச் சொன்னாத்தானே மதிப்பு?”

“எப்படியும் சொல்லப் போற,” என்றாள் பிரகதீஸ்வரி.

“பின்ன? அங்க கடல் இருந்துச்சுன்னாரு பாரு, அதைச் சொல்லாம இருக்க முடியுமாக்கா?”

அன்று மாலைக்குள் குழாய் ஓடைக்குப் போனது. ஆத்மநாதன் கொடியில் கிடந்த சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, பழைய எல்போவையே வெட்டிப் போட்டார். வேறு யாரையும் பசை தடவ விடவில்லை. மோட்டாரைப் போட்டுக் கிணற்றை அடிவரை இறைத்தார்கள். கடைசி உறையில் மணல் தெரிந்தது. மணல் ஓரத்தில் நீர் கசிந்து ஒன்றுசேர்வதைத் திலகவதிகூட வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். இரவு ஊற விட்டு, காலையில் மறுபடி இறைத்தார்கள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அதே வேலை. கடைத்தெருவில் கதை அவருக்கு முன்னால் போயிருந்தது. ஞாயிறு மாலை தீப்பெட்டி வாங்கப் போனவரை ஒருவன் கேட்டான்.

“பிளாண்ட்டு, கிணத்துக்கு உப்புப் போட்டீங்களாமே, காரம் எப்பப் போடுவீங்க?”

“ஒன் வீட்டு மோட்டார் ரிப்பேராகும்போது போடுறேன்,” என்றார். சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு நடந்தார். மறுநாள் அந்த ஆளே மோட்டார் விஷயமாகப் போன் செய்தான்.

திங்கள் காலை ஆறு மணிக்கு அவர் பெட்டியின் முன்னால் உட்கார்ந்தார். நோட்டில் புதிதாக ஒரு கோடு இழுத்து நான்காவது கட்டம் போட்டிருந்தார். முதலில் கிணற்றை அளந்தார். இரண்டாயிரத்து நூற்றெண்பது. எழுதினார். தம்ளரைப் பெட்டிக் குழாயில் பிடித்தார். மீட்டரை முக்கினார். எண் ஏறி, இறங்கி, நின்றது.

நானூற்றெண்பது.

அதையும் எழுதிவிட்டுக் குரல் கொடுத்தார்.

“ஏ பிரகதி, உளுந்தை ஊறப்போடு.”

“அது நாலு மணிக்கே ஊறிக்கிட்டு இருக்கு,” என்றாள் உள்ளேயிருந்து. “எட்டுக் கடைக்கும் சேத்து.”

“எந்தத் தண்ணியில?”

“இந்தத் தண்ணியிலதான்.”

“மீட்டர் பாக்காமயா?”

“நீங்க போட்ட லைனுதானே,” என்றாள். கிரைண்டர் கல்லைக் கழுவும் சத்தம் கேட்டது.